கரிக்குருவியும் கீரியும்

செங்கற்பட்டு ஜில்லாவின் ஏரிப்பாசன நஞ்சைகளிலும், மாமல்லபுரம் கடலோரத்து மணற்பாங்கான வேர்க்கடலைக் கொல்லைகளிலும் கூலியின்றி உழைக்கும் பிராணிகள் இரண்டு உண்டு. ஒன்று, இரட்டைவால் குருவி என்றும் கரிச்சான் என்றும் வழங்கும் கரிக்குருவி, மற்றொன்று கீரி. முன்னதைக் கண்டு மகிழ்கிற குடியானவர்களிற் சிலர், பின்னதைக் கண்டவுடன் தடியெடுக்கின்றனர். இரண்டின் வரவு செலவையும் சீர்தூக்கினால் இவ்வழக்கம் தகாதென்பது விளங்கும்.

கரிக்குருவி பாடும் பறவை இனத்தைச் சேர்ந்தது. விடியுமுன்னரே கூவத் தொடங்கும். உயரமான இடத்தில் அமர்ந்து, பறந்து செல்லும் அந்துப்பூச்சி, வெட்டுக்கிளி முதலியவற்றைப் பாய்ந்து பிடிக்கும். நெல்லைத் தின்னாது. தன் கூட்டை நெருங்கும் காக்கையையும் பருந்தையும் துரத்தியடிக்கும். தேனீக்களையும் உண்பது இதன் குறை.

கீரியோ பெரும்பாலும் பகற்பொழுதில் வேலியோரங்களிலும் வரப்புகளிலும் திரிந்து எலி, பாம்பு, ஓணான், வண்டு ஆகியவற்றைத் தின்பது. நிலத்தைப் பறிக்கவும் வல்லது. இதன் குற்றம் கோழிக்குஞ்சுகளையும் முட்டைகளையும் கவர்வதே. குஞ்சுகளைப் பஞ்சாரத்தில் கவிழ்த்து வைத்தால் அந்நஷ்டம் பெரும்பாலும் நீங்கும். எலிகளால் வரும் நஷ்டத்தையோ பஞ்சாரத்தால் தடுக்க இயலாது.

ஆகவே, பயிருக்கு மேலே பறக்கும் பகையைக் குருவியும், தரையில் திரியும் பகையைக் கீரியும் குறைக்கின்றன. ஒன்றின் வேலையை மற்றொன்று செய்யாது.

1872-ஆம் ஆண்டில் கரும்புத் தோட்ட எலிகளை ஒழிக்க, நம் கீரியின் நெருங்கிய இனமான சிறு கீரி கல்கத்தாவிலிருந்து ஜமெய்க்கா தீவுக்குக் கொண்டு செல்லப்பட்டது. அது எலிகளோடு நில்லாமல் அத்தீவின் பறவைகளையும் ஊர்வனவற்றையும் அழித்தது. இது அயலிடத்திற் குடியேற்றியதால் நேர்ந்த தீங்கு. நம் நாட்டிலோ கீரியும் பறவைகளும் தொன்றுதொட்டுக் கூடி வாழ்பவை.

சொர்ணவாரி, சம்பா நடவுக்குப் பின் ஏக்கருக்கு 15 முதல் 20 வரை ‘ட’கரம் போன்ற வளைவின்றி, நேர்க்கொம்பின் உச்சியில் குறுக்குக் கொம்பு கட்டிய தாங்கிகளை, பயிருக்கு மேல் உயர்ந்து நிற்குமாறு நடுதல் வேண்டும். கதிர் பால் பிடிக்குமுன் அவற்றை அகற்றிவிடுக; இல்லையேல் தானியந் தின்னும் பறவைகள் அமரும். எலிக்கு விஷம் வைத்தால் செத்த எலிகளை உடனே ஆழப் புதைத்தல் அவசியம். வேலிப்புதர்களை அடியோடு வெட்டாதிருத்தலும் நலம்.

தூரிகைக்கான மயிருக்காகவும் கீரிகள் பிடிக்கப்படுகின்றன. 1972-ஆம் ஆண்டின் வன உயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி இது குற்றம். கண்ணி வைப்போரைக் கண்டால் கிராம அதிகாரிகள் வனத்துறைக்கு அறிவிப்பது, அக்கிராமத்து விளைச்சலைக் காப்பதே ஆகும்.