சட்டம் காக்குமா சிரில்லிக்கை?

செர்பியத் தலைநகர் பெல்கிரேடில் எந்தப் பத்திரிகைக் கடையிலும் ஒரே மொழி இரண்டு எழுத்துகளில் தொங்கிக்கொண்டிருக்கும். 1904 முதல் வெளிவரும் 'பொலிடிகா' நாளிதழ் சிரில்லிக் எழுத்தில் இருக்கும். பக்கத்திலேயே 'பிளிட்ஸ்' லத்தீன் எழுத்தில் இருக்கும். வாங்குகிறவர் இரண்டையும் ஒரே வேகத்தில் படிப்பார். செர்பியப் பிள்ளைகள் முதல் வகுப்பில் சிரில்லிக்கையும் இரண்டாம் வகுப்பில் லத்தீனையும் கற்றுவிடுகிறார்கள். இரண்டிலும் முப்பது எழுத்துகள்தான். ஒன்றுக்கு ஒன்று நேர் பொருத்தம். படிப்பதில் யாருக்கும் சிரமமில்லை. ஆனாலும் 2006-ஆம் ஆண்டு அரசியலமைப்பு சிரில்லிக்கை மட்டுமே செர்பிய மொழியின் அலுவல் எழுத்தாக அறிவித்தது. 2021 செப்டம்பரில் அந்த எழுத்தைப் பாதுகாக்கவென்றே நாடாளுமன்றம் தனிச் சட்டமும் இயற்றியது. எல்லாருக்கும் படிக்கத் தெரிந்த எழுத்துக்கு எதற்குப் பாதுகாப்பு? படிக்கத் தெரிந்தும் எழுதும்போது அதை எடுக்காதவர்கள் பெருகிவிட்டார்கள் என்பதே காரணம். கடைப் பலகை, விளம்பரம், குறுஞ்செய்தி, இணையம் எல்லாவற்றிலும் லத்தீன் முந்திக்கொண்டது. இந்தச் சரிவைச் சட்டம் தடுக்குமா என்று கேட்டால், இந்த எழுத்தின் வரலாறே தடுக்காது என்றுதான் சொல்கிறது.

இன்று தொன்மைச் சின்னமாகப் போற்றப்படும் செர்பிய சிரில்லிக், இப்போதுள்ள வடிவத்தில் இருநூறு ஆண்டுப் பழமைதான் கொண்டது. அதை உருவாக்கிய வூக் கராஜிச் 1787-இல் திர்ஷிச் என்ற சிற்றூரில் உழவர் குடும்பத்தில் பிறந்தவர். கால் ஊனத்தால் கட்டைக்காலோடு நடந்தவர். அவர் காலத்தில் படித்த செர்பியர்கள் எழுதியது தேவாலயத்து மொழியும் ரஷ்ய மொழியும் கலந்த ஒரு நடை. தாய்மொழியாகப் பேச வேண்டிய மக்களுக்கே அது புரியாது. பேசுவதுபோல எழுது, எழுதியபடி படி என்ற ஜெர்மானிய அறிஞர் அடேலுங்கின் கொள்கையை வூக் கைக்கொண்டார். ஒலியில்லாத எழுத்துகளைக் களைந்தார், எழுத்தில்லாத ஒலிகளுக்கு எழுத்து கொடுத்தார். நம் 'ஞ'வுக்கு மிக நெருங்கிய ஒலி ஒன்றுக்கும் அப்படித்தான் தனி எழுத்து வந்தது. 1818-இல் வியன்னாவில் இருபத்தாறாயிரத்துக்கு மேற்பட்ட சொற்களோடு அவருடைய அகராதி அச்சேறியது. அதில் கெட்ட வார்த்தைகளையும் விடாமல் சேர்த்திருந்தார்! ஆனால் அதைவிடப் பெரிய புயலைக் கிளப்பியது ஒற்றை எழுத்து. யகர ஒலிக்கு அவர் லத்தீனிலிருந்து 'ஜே' வடிவத்தை எடுத்தார். கத்தோலிக்கரின் எழுத்தை ஆர்த்தடாக்ஸ் மக்கள்மீது திணிக்கிறான் என்று திருச்சபைத் தலைமை சீறியது. மரபைக் காக்க இன்று தூக்கிப் பிடிக்கும் எழுத்து, அன்று மரபை அழிக்க வந்ததாகப் பழிக்கப்பட்டது.

அரசும் சும்மா இருக்கவில்லை. 1832-இல் செர்பிய இளவரசர் மிலோஷ் வூக்கின் எழுத்துமுறையில் நூல் அச்சிடத் தடை போட்டார். தடை தளர்ந்து முழுதாக நீங்க 1868 வரை ஆயிற்று. வூக் இறந்து அப்போது நான்காண்டு. ஆனால் போட்டி அதற்கு வெகு முன்பே, 1847-லேயே முடிந்துவிட்டது. அந்த ஆண்டு வூக்கின் புதிய ஏற்பாட்டு மொழிபெயர்ப்பும் பிராங்கோ ராதிசெவிச் என்ற இருபத்துமூன்று வயது இளைஞரின் கவிதைத் தொகுப்பும் வெளிவந்தன. மக்கள் பேச்சில், புது எழுத்தில் இலக்கியம் எழுதிக் காட்ட முடியும் என்பதற்கு அதற்குமேல் சான்று வேண்டியிருக்கவில்லை. அரசாணை தடுத்தும் எழுத்து வென்றது, எழுதியவர்களால்.

ஒரு மறுப்பை இங்கே ஒதுக்கிவிட முடியாது. சிரில்லிக் வெறும் வழக்கொழிவால் தேய்ந்த எழுத்தன்று. ஆயுத பலத்தால் நசுக்கப்பட்ட எழுத்து. முதல் உலகப் போரில் செர்பியாவை ஆக்கிரமித்த ஆஸ்திரிய-ஹங்கேரி ஆட்சி அதைப் பொது வாழ்விலிருந்து விலக்கியது. 1941 ஏப்ரலில் குரோவேஷியாவில் உஸ்தாஷா என்ற பாசிச அமைப்பின் ஆட்சி அமைந்தவுடன் செய்த வேலைகளில் ஒன்று சிரில்லிக்கைத் தடைசெய்வது. 2013-இல்கூட, குரோவேஷியாவின் வுகோவார் நகரில் சட்டப்படி மாட்டிய இரட்டை எழுத்துப் பலகைகளைச் சுத்தியலால் உடைத்தார்கள். 1991-இல் செர்பியத் தரப்புப் படைகள் இட்ட முற்றுகையின் காயம் ஆறாத ஊர் அது; உடைத்தவர்களின் ஆத்திரத்துக்கும் காரணம் இருந்தது. இப்படி அடிபட்ட எழுத்துக்கு அரசுக் காப்பு கேட்பது நியாயமே. ஆனால் அந்தத் தடைகள் எதுவும் சிரில்லிக்கை ஒழிக்கவில்லை. இன்றைய சரிவுக்கோ தடைவிதித்த பகைவன் யாருமில்லை.

காரணம் சில இடங்களில் வெறும் கணக்கு. கைப்பேசிக் குறுஞ்செய்தி ஒன்றில் லத்தீன் எழுத்து 160 கொள்ளும், சிரில்லிக் 70 மட்டுமே. (தமிழுக்கும் அதே 70தான், தங்கிலீஷ் பரவியதில் இதற்கும் பங்குண்டு.) காசு மிச்சம் பிடிக்க லத்தீனுக்குப் போனவர்கள், அதன் மேற்குறிகளையும் உதிர்த்துவிட்டு எழுதினார்கள். அதற்குச் செர்பியர்கள் வைத்த பெயர், 'முடி வெட்டிய லத்தீன்'. சந்தை இப்படித் தள்ளும்போது அரசு கைகட்டி நிற்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. நிற்கக் கூடாது என்பதே என் கருத்தும். கேள்வி, எங்கே கைவைப்பது என்பதில்தான். 2021 சட்டம் அரசுப் பணம் பெறும் நிறுவனங்கள், விழாக்களின் பலகைகளைத்தான் பெரிதும் குறிவைக்கிறது. எழுத்தைப் பலகையில் ஏற்றுவது எளிது, விரல் நுனியில் ஏற்றுவதுதான் கடினம். மேலும் சட்டத்தின் காவலில் வைத்த எழுத்து மெல்ல ஒரு கட்சிக்கொடியாகிவிடும் ஆபத்தும் இருக்கிறது. லத்தீனில் எழுதும் செர்பியர் துரோகியாகப் பார்க்கப்படுவார். அப்படிப்பட்ட பேச்சு அங்கே கேட்காமலும் இல்லை.

கவனிக்க வேண்டிய வேலை வேறு இடத்தில் இருக்கிறது. செர்பிய சிரில்லிக்கின் சாய்வெழுத்தில் ப, த, க ஒலிகளுக்கான வடிவங்கள் ரஷ்ய வடிவங்களிலிருந்து வேறுபட்டவை. கணினியின் ஒருங்குறியில் இரண்டுக்கும் ஒரே குறியீடுதான். எந்த வடிவம் திரையில் வர வேண்டும் என்பதை எழுத்துருவும் மொழி அமைப்பும் சேர்ந்தே முடிவு செய்கின்றன. செர்பிய வடிவத்தைச் சேர்க்காத எழுத்துருவில் செர்பியரின் சொந்தச் சொல் ரஷ்ய உருவில் வந்து நிற்கிறது. அதைத் திருத்தச் சட்டம் எதுவும் வேண்டாம். எழுத்துரு வடிவமைப்பாளர்களுக்குக் கூலி கொடுத்தால் போதும்.