வாலு ஒழுங்கா இருந்தாத்தான் வானம்!

'சரியான வாலு!' - வீட்டில் இந்தத் திட்டு வாங்காமல் வளர்ந்தவர்கள் யாராவது இருக்கீங்களா? சான்ஸே இல்லை. ஆனால், ஏரோமாடலிங் பசங்ககிட்ட கேட்டுப் பாருங்க... 'வாலு ஒழுங்கா இல்லேன்னா வாழ்க்கையே இல்லை பாஸ்'ம்பாங்க!

குன்றத்தூர், பல்லாவரம், குரோம்பேட்டை, தாம்பரம் ஏரியாவுக்கும் விமானத்துக்கும் ரொம்பப் பழைய பந்தம். ஒரு பக்கம் மீனம்பாக்கம் ஏர்போர்ட், இன்னொரு பக்கம் தாம்பரம் விமானப்படைத் தளம். நடுவில், 1949-ல் சி.ராஜம் தொடங்கிய எம்.ஐ.டி. 1950-களில் அங்கே சேர்ந்த ராமேஸ்வரத்துப் பையனை இழுத்தது, வளாகத்தில் காட்சிக்கு வைத்திருந்த ரெண்டு பழைய விமானங்கள். மற்ற பசங்க ஹாஸ்டலுக்குக் கிளம்பிய பிறகும் அதுங்க பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பாராம். 'அக்னிச் சிறகுகள்' புத்தகத்தில் அப்துல் கலாமே சொன்னது. 2018-ல் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் நடந்த 'மெடிக்கல் எக்ஸ்பிரஸ்' ஆளில்லா விமானப் போட்டியில் இரண்டாம் இடம் பிடித்த 'தக்‌ஷா' டீமும் இதே எம்.ஐ.டி-தான். அதன் ஆலோசகர்... ஏரோமாடலிங் பிரியர் அஜித்குமார்!

சரி, மேட்டருக்கு வருவோம். புராஜெக்ட்டுக்காக ஒரு மாடல் விமான கிட் வாங்கியாச்சு. பெட்டியைப் பிரிச்சதும் ஒருத்தன் இறக்கையைத் தூக்கிட்டுப் போவான். இன்னொருத்தன் மோட்டாரை மடியில் வெச்சுப்பான். வால்? 'டேய் ஜூனியர், இதை ஒட்டி வை!' சிக்கல் ஆரம்பிக்கிற இடமே இதுதான்.

அப்படி என்ன வேலை?

பட்டத்துக்கு வால் எதுக்குக் கட்டறோம்? ஆடாம நிக்கத்தானே! அதே கதைதான். படுத்திருக்கும் பலகைக்குப் பேர் ஸ்டெபிலைசர். (வீட்டு ஃப்ரிட்ஜ் பக்கத்தில் இருக்கே, அது இல்லை!) இறக்கை மூக்கைக் கீழே அழுத்தப் பார்க்கும். பெரும்பாலான மாடல்களில் ஸ்டெபிலைசர் வாலைக் கீழ்நோக்கி அழுத்தி அதைச் சமன் செய்யும். நிமிர்ந்து நிற்பது ஃபின். இந்த ரெண்டின் பின்பக்கமும் அசையும் பாகங்கள் இருக்கு. எலிவேட்டர் மூக்கை ஏற்றி இறக்கும். ரட்டர் இடம், வலம் திருப்பும்... படகுக்குச் சுக்கான் மாதிரி. இறக்கை நுனியில் அசையும் எய்லரான் விமானத்தைப் பக்கவாட்டில் சாய்க்கும்.

கிராம் கணக்கு

பால்சா மரம் ஏன்? வெயிட் கம்மி. வாலில் அதுதான் முக்கியம். எடைமையத்திலிருந்து வால் 60 செ.மீ. தள்ளியும், மூக்கு 20 செ.மீ. தள்ளியும் இருக்குன்னு வைங்க. வாலில் 10 கிராம் பசையை எக்ஸ்ட்ரா கொட்டினால், அதை ஈடுகட்ட மூக்கில் 30 கிராம் ஈயம் வைக்கணும்! ஸ்கூலில் படிச்ச நெம்புகோல் பாடம்தான். சாதாரண மாடலில் இறக்கை அகலத்தின் முன்பக்கத்திலிருந்து சுமார் 25 முதல் 30 சதவிகிதத்துக்குள் எடைமையம் இருக்கணும். வால் கனத்து அது பின்னால் போச்சுன்னா, விமானம் யார் பேச்சையும் கேட்காது.

நூல் ஒண்ணு போதும்

ஒட்டறதுக்கு முன்னாடி கோணம் பாருங்க. இறக்கையின் வலது நுனியிலிருந்து ஸ்டெபிலைசரின் வலது நுனிக்கு நீட்டாத ஒரு நூலைப் பிடிச்சு அளந்துக்கங்க. அதே நூலை இடது பக்கமும் வையுங்க. ரெண்டும் ஒரே அளவுன்னா ஓ.கே. அப்புறம் பின்னால் போய் நின்னு, ஒரு கண்ணை மூடிப் பாருங்க. ஸ்டெபிலைசர் இறக்கைக்கு இணையா இருக்கணும். ஃபின் அதுக்குச் செங்குத்தா... மூலைமட்டம் வெச்சே பார்த்துடுங்க.

மேலே ஒட்டும் கலர் ஃபிலிமிலும் ஒரு வில்லங்கம் இருக்கு. உடம்போடு வால் சேரும் இடத்தில் ஃபிலிமை எடுத்துடணும். மரமும் மரமும் சேர்ந்தாத்தான் பசை பிடிக்கும். ஆனால், பிளேடை அழுத்தினால் அடியில் இருக்கும் பால்சாவிலும் கீறல் விழும். பறக்கும்போது சரியா அந்தக் கோட்டில்தான் 'படக்'!

கீல்தான் உயிர்

அசையும் பாகத்தின் முன்விளிம்பை ரெண்டு பக்கமும் சரிவா தேய்க்கணும். இல்லேன்னா கதவு நிலையில் இடிக்கிற மாதிரி இடிக்கும். மெல்லிய தகடு போன்ற கீலைப் பாதி இங்கே, பாதி அங்கே செருகுங்க. பாதியைத் தாண்டிப் போயிடாமல் இருக்க நடுவில் குண்டூசி குத்துங்க. இடைவெளியை நூலிழை அளவு வெச்சுட்டு, ஊசியை எடுத்துட்டு, தண்ணி மாதிரி இருக்கும் இன்ஸ்டன்ட் பசையை ஒவ்வொரு பக்கமும் சில சொட்டு விடுங்க. அதுவே உள்ளே ஊறிப் போகும். காய்ந்ததும் நல்லா இழுத்துப் பாருங்க. இப்பவே கையோடு வந்தால் சந்தோஷப்படுங்க... வானத்தில் வரலையே!

தெர்மாகோல் மாடல் செய்யறவங்களுக்கு ஒரு வார்த்தை: சாதாரண இன்ஸ்டன்ட் பசை தெர்மாகோலைக் கரைச்சுடும். அதுக்குன்னே இருக்கும் பசையைக் கேட்டு வாங்குங்க.

கன்ட்ரோல் ஹார்னின் ஓட்டைகள் கீல் கோட்டுக்கு நேர் மேலே வரணும். கம்பி லூஸா ஆடினாலோ, இடைவெளி பெரிசா இருந்தாலோ, வேகமா போகும்போது எலிவேட்டர் 'விர்ர்ர்'னு அதிரும். அதுக்குப் பேர் ஃப்ளட்டர். கண்ணிமைக்கும் நேரத்தில் வாலையே பிய்ச்சுடும்.

கடைசியா, விமானத்துக்குப் பின்னால் நின்னு செக் பண்ணுங்க. குச்சியை உங்க பக்கம் இழுத்தால் எலிவேட்டர் மேலே எழும்பணும். வலது பக்கம் தள்ளினால் வலது எய்லரான் மேலே, இடது கீழே. ரட்டரும் வலதுன்னா வலது பக்கம்தான். ஒண்ணு தலைகீழா இருந்தாலும் ஒரு மாச உழைப்பு பத்து செகண்டில் விறகு!

பொம்மைதானேன்னு நினைக்காதீங்க

1935 அக்டோபர் 30. அமெரிக்காவின் ரைட் ஃபீல்டில் போயிங்கின் புத்தம்புது 'மாடல் 299' கிளம்பின வேகத்தில் விழுந்தது. காரணம், தரையில் நிற்கும்போது வால் பாகங்கள் ஆடாமலிருக்கப் போட்ட பூட்டை எடுக்க மறந்ததுதான். அதற்கப்புறம்தான் பைலட்டுகளிடம் 'செக்லிஸ்ட்' பழக்கம் வேரூன்றியது. 2000 ஜனவரி 31-ல் அலாஸ்கா ஏர்லைன்ஸின் 261-ம் விமானம் கலிஃபோர்னியா கடலில் விழுந்து 88 பேர் இறந்தார்கள். ஸ்டெபிலைசரை நகர்த்தும் திருகுக்குக் கிரீஸ் போதாமல், மரை தேய்ந்து போயிருந்தது. காரணம் அவ்வளவுதான்!

உங்க மாடல் ரெண்டே கிலோ இருக்கலாம். ஆனால், காத்தாடி சுத்தற வேகத்தோடு கட்டுப்பாடில்லாமல் கிரவுண்டில் நிக்கிற கூட்டத்துக்குள் வந்தால், அது பொம்மை இல்லை.

இன்னொண்ணு. குன்றத்தூரில் உட்கார்ந்து விமானம் செய்யலாம். ஆனால், பக்கத்து ஏரிக்கரையில் இஷ்டத்துக்குப் பறக்கவிட முடியாது. 2021 ட்ரோன் விதிகளில் மாடல் விமானமும் அடக்கம். இயங்கும் விமான நிலைய எல்லையிலிருந்து 8 கி.மீ. தூரத்துக்குள் அனுமதி இல்லாமல் பறக்கவிடக் கூடாது. குன்றத்தூர் அந்த வட்டத்துக்குள்தான் வருது. 8-லிருந்து 12 கி.மீ. வரை 200 அடி உயரம்தான் லிமிட். அதனால கிளம்பறதுக்கு முன்னாடி 'டிஜிட்டல் ஸ்கை' மேப்பில் பச்சையா, மஞ்சளா, சிவப்பான்னு பார்த்துடுங்க. தலைக்கு மேலே நிஜ விமானத்தில் நூத்தம்பது பேர் போயிட்டிருக்காங்க பாஸ்!

அடுத்த தடவை கிட் பெட்டியைப் பிரிக்கும்போது, டீமிலேயே பொறுமையான ஆள்கிட்ட வாலைக் கொடுங்க. அது ஜூனியரா இருந்தாலும் ஓ.கே... பக்கத்தில் நூலும் மூலைமட்டமுமா ஒரு சீனியர் உட்கார்ந்திருந்தால் போதும்!