தரங்கம்பாடிப் புதிய எருசலேம் ஆலயம்

மேட்டூர் அணையினின்றும் புறப்பட்டு, சேலம், நாமக்கல் சமவெளிகளின் ஓரமாகப் பாயும் காவிரி, பூம்புகாரில் கடலோடு கலக்கின்றது. அங்கிருந்து கடற்கரை வழியே தெற்கு நோக்கிச் சென்றால் தரங்கம்பாடி என்னும் சிற்றூரை அடையலாம். தரங்கம் என்பது அலை. அலைகள் பாடும் ஊர் ஆதலின் அப்பெயர் பெற்றது என்பர். அவ்வலைகள் பாடுவதோடு நில்லாது, கரையையும் அரித்து வந்தன. மாசிலாமணிநாதர் கோயிலின் ஒரு பகுதியும் கடலுக்கு இரையாயிற்று.

1620 ஆம் ஆண்டில் தஞ்சை இரகுநாத நாயக்கரிடம் இசைவு பெற்று, டென்மார்க் நாட்டு வணிகர் இங்குக் கோட்டை அமைத்தனர். 1706 இல் அந்நாட்டு மன்னர் நான்காம் பிரெடரிக் அனுப்ப, சீகன்பால்கு, புளூட்சோ என்னும் செருமானியர் இருவர் வந்திறங்கினர். இவர்கள் மார்ட்டின் லூதர் வழிவந்த லுத்தரன் சபையினர். மக்களுக்கு அவரவர் தாய்மொழியிலேயே மறையுரை பகர்தல் வேண்டும் என்பது அச்சபையின் கொள்கை. ஆகவே சீகன்பால்கு, திண்ணைப் பள்ளிச் சிறுவரோடு அமர்ந்து, மணலில் விரலால் எழுதித் தமிழ் பயின்றார். வந்த மறு ஆண்டிலேயே, 1707 ஆகஸ்டு 14 இல், எருசலேம் என்னும் சிறிய ஆலயம் திறக்கப்பெற்றது.

நாளடைவில் சபை பெருகிற்று, இடம் போதவில்லை. அவ்வாலயமும் பின்னர்க் கடலால் அழிந்தது. 1717 இல் வேறோர் இடத்தில் புதிய ஆலயத்திற்கு அடிக்கல் நாட்டினர். 1718 அக்டோபர் 11 இல் அது திறக்கப்பெற்றது.

இவ்வாலயம் சிலுவை வடிவினது; அதன் நான்கு சிறகுகளும் ஒத்த நீளம் உடையன. அவை கூடும் நடுவிடத்து மூலையில் அருளுரை மேடை அமைந்துள்ளது. எச்சிறகில் அமர்ந்தாரும் உரைப்பவரைக் காணலாம். அவர் சொல்லையும் கேட்கலாம். சொல்லே தலைமை பெற்ற வழிபாட்டிற்கு இஃது ஏற்ற அமைப்பு அன்றோ? முகப்பில் டென்மார்க் மன்னரின் முடியும், பெயரெழுத்து முத்திரையும் விளங்குகின்றன. வடிவம் ஐரோப்பாவினது; செங்கல்லும் சுண்ணாம்பும் நம் நாட்டின.

சுண்ணாம்புக் காரையின் இயல்பை அறிதல் நன்று. அது காற்றிலுள்ள கரியமில வாயுவை ஏற்று, ஆண்டுதோறும் இறுகிக் கல்லாகும்; சுவரில் ஊறிய ஈரத்தையும் வெளியே விடும். அதன்மேல் சிமெண்டு பூசினால், ஈரமும் கடலுப்பும் உள்ளே அடைபட்டுச் செங்கல்லை உதிர்க்கும். ஆதலின் பழஞ்சுவரைப் பழைய முறையிலேயே செப்பனிடுதல் வேண்டும்.

ஆலயம் திறந்த சில திங்களில், 1719 பிப்ரவரி 23 இல், சீகன்பால்கு காலமானார். அப்போது அவர்க்கு வயது 36. அவ்வாலயத்தினுள்ளேயே அவர் அடக்கம் செய்யப்பட்டார்.

1845 இல் டேனியர் இவ்வூரை ஆங்கிலேயர்க்கு விற்றுச் சென்றனர். 2004 டிசம்பர் 26 இல் ஆழிப்பேரலை இவ்வூரில் பல உயிர்களைக் கவர்ந்தது. ஆலயமோ நிலைத்து நின்றது. எனினும், எக்கட்டடமும் தானே நிலைப்பதன்று. கட்டியவர் கருத்தையும், காரையின் இயல்பையும் அறிந்து பேணுவார் உளராயின் அது நிலைக்கும். கோயிலாயினும், மசூதியாயினும், மாதா கோயிலாயினும், நம் ஊரிலுள்ள பழங்கட்டடங்களை அங்ஙனம் அறிந்து காத்தல் நம் கடமையாகும்.