நூலகர் பணித்திறன் வளர்ச்சியும் சமூக வலைத்தளங்களும்: பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களை முன்வைத்து

ஊர்ப்புறக் கிளை நூலகங்களில் பெரும்பாலும் ஒருவரே பணிபுரிகின்றார். நூற்பட்டியலாக்கத்தில் ஐயம் எழுந்தால் கேட்டறிய அருகில் உடன்பணியாளர் இரார். 1928இல் எஸ்.ஆர். ரங்கநாதன் செயலராக அமையத் தோன்றிய சென்னை நூலகச் சங்கம் கூட்டங்களின் வழி ஆற்றிய பணியை இன்று வாட்ஸ்அப், முகநூல் குழுக்கள் ஓரளவு ஆற்றுகின்றன.

சுற்றறிக்கைகளையும் வாழ்த்துகளையும் பகிர்வதால் மட்டும் பணித்திறன் வளராது; வட்டாரச் சிக்கல்கள் விவாதிக்கப்பெறல் வேண்டும். பெரம்பலூர் மாவட்டம் 1995இல் திருச்சிராப்பள்ளியிலிருந்து பிரிந்தது. அரியலூர் 2001இல் தனி மாவட்டமாகி, 2002இல் மீண்டும் பெரம்பலூருடன் இணைந்து, 2007இல் மறுபடியும் தனி மாவட்டமாயிற்று. ஆதலின் கங்கைகொண்டசோழபுரம் குறித்த நூல்கள், அவை பட்டியலிடப்பெற்ற காலத்திற்கேற்ப மூன்று மாவட்டப் பொருள் தலைப்புகளின்கீழ்ச் சிதறக்கூடும். ஏலாக்குறிச்சியில் வாழ்ந்த வீரமாமுனிவரின் நூல்களோ ‘பெஸ்கி’ என்னும் பெயரிலும் பதிவாகின்றன. ஒரு தலைப்பை மட்டும் தேடும் ஆய்வாளருக்கு எஞ்சியவை கிட்டா.

இவ்விரு மாவட்ட நூலகர்கள் குழுவில் கலந்துரையாடிப் பொதுத் தலைப்பொன்றை வகுக்கலாம். ஆயினும், வாட்ஸ்அப் உரையாடல் குழுவுக்கு வெளியே எவர்க்கும் புலப்படாது. கைப்பேசி மாறுங்கால் அழிந்துபோதலும் உண்டு. எட்டிய முடிவை, 2012இல் தொடங்கப்பெற்ற விக்கித்தரவு போன்ற திறந்த தளத்தில் பதிதல் தக்கது. ஓர் ஊர் சார்ந்திருந்த மாவட்டங்களைக் கால எல்லையுடனும், ஓர் ஆசிரியரின் பல பெயர்களை ஒரே அடையாள எண்ணின்கீழும் அங்குக் குறிக்க இயலும். திருத்தங்கள் யாவும் பக்க வரலாற்றில் எஞ்சுவதால், புதிதாகப் பணியேற்பவர் முடிவோடு அது உருவான வழியையும் படித்தறியலாம்.