ஊட்டியில் வேகாத பருப்பு

சமவெளியிலிருந்து ஊட்டிக்கு வாழ்க்கைப்பட்டு வந்த பெண்கள் முதல் வாரமே தெரிந்துகொள்ளும் சங்கதி: இங்கே திறந்த பாத்திரத்தில் பருப்பு லேசில் வேகாது. 2,240 மீட்டர் உயரத்தில் தண்ணீர் சுமார் 93 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது. அதே பருப்பு, அதே அளவு, அதே நேரம். பருப்போ விறைத்துக் கிடக்கிறது. மருமகளைத் திட்டி என்ன பயன்?

எச்ஐவி உள்ளவருக்குக் காசநோய் மாத்திரை கொடுக்கும்போதும் இப்படி நேர்வதுண்டு. ஒழுங்காகத்தான் விழுங்குகிறார். ரத்தத்தில் மருந்து போதவில்லை.

சிறுகுடலின் உட்சுவர் புதுப் பூத்துவாலை மாதிரி. அதன் நூல் புடைப்புகள்தான் குடலுறிஞ்சிகள். எச்ஐவி குடல் சுவரிலுள்ள சிடி4 எனும் நோயெதிர்ப்புச் செல்களை அழிக்க, புடைப்புகள் குட்டையாகின்றன. தேய்ந்து வழவழத்த துவாலையால் அடுப்பு மேடையைத் துடைத்துப் பாருங்கள்: தண்ணீரை உறிஞ்சாது, தள்ளிக்கொண்டு போகும். கூடவே ஒட்டுண்ணிகளால் வயிற்றுப்போக்கும் வந்தால், மருந்து குடலில் தங்குவதே சொற்ப நேரம்.

இதைச் சென்னை சேத்துப்பட்டு காசநோய் ஆராய்ச்சி மையம் அளந்து பார்த்தது. முடிவுகள் 2004-இல் வெளிவந்தன. மருந்தோடு டி-சைலோஸ் என்ற சர்க்கரையையும் கொடுத்தார்கள். உடல் அதை முழுவதும் செலவழிக்காது. குடல் உறிஞ்சியதில் கணிசமான பங்கு சிறுநீரில் வந்துவிடும். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்களே, அந்தப் பருக்கை இது. எச்ஐவியோடு வயிற்றுப்போக்கோ காசநோயோ இருந்தவர்களின் சிறுநீரில் சைலோஸ் குறைந்திருந்தது. காசநோய் மருந்துகளான ரிஃபாம்பிசினும் ஐசோனியசிடும் கூடவே குறைந்திருந்தன.

அரைகுறை மருந்தில் கிருமி சாகாமல் பழகிக்கொள்ளும் அபாயம் உண்டு. ஆகவே சிகிச்சை பலிக்காதபோது, "மாத்திரையை ஒழுங்கா சாப்பிட்டீங்களா?" என்று மட்டும் அதட்டுவது எனக்கு அநியாயமாகப் படுகிறது. வயிறு எப்படி இருக்கிறது என்றும் கேட்க வேண்டாமா?

கொழுந்து பறிக்கப் போகும் அவசரத்தில் பலகாரத்தோடு மாத்திரையை விழுங்குவதும் ரிஃபாம்பிசினுக்கு ஆகாது. வெறும் வயிறுதான் அதற்குப் பிடித்தது. சிறுநீர் செம்மஞ்சளாகப் போவதை வைத்து மருந்து முழுதும் சேர்ந்துவிட்டதாக நம்பவும் வேண்டாம். கொஞ்சம் சேர்ந்தாலும் நிறம் வரும்.

ஊட்டிப் பருப்பை வேகவைக்கும் குக்கருக்கு இங்கே இணை, எச்ஐவியை அடக்கும் ஏஆர்டி சிகிச்சை: எச்ஐவி அடங்க அடங்கக் குடல் தேறத் தொடங்கும். அங்கேயும் ஒரு சிக்கல். ரிஃபாம்பிசின் கல்லீரலை முடுக்கிவிட்டு, ஏஆர்டி மருந்தான டோலுடெக்ராவிரைச் சீக்கிரம் கரைத்துவிடும். அதனால்தான் காசநோய் சிகிச்சை நடக்கும்போது அந்த 50 மில்லிகிராம் மாத்திரையை ஒருவேளைக்குப் பதில் இருவேளை கொடுக்கிறார்கள்.