இடைத்தேர்தலும் இடைக்காலத் தேர்தலும்

உறுப்பினர் ஒருவர் மறைந்தாலோ, பதவி விலகினாலோ, தகுதிநீக்கம் செய்யப்பட்டாலோ காலியாகும் அந்த ஒரு தொகுதிக்கு மட்டும் நடப்பது இடைத்தேர்தல். சட்டமன்றமோ மக்களவையோ ஐந்தாண்டு முடியும் முன்பே கலைக்கப்பட்டு எல்லாத் தொகுதிகளுக்கும் நடப்பது இடைக்காலத் தேர்தல். செய்திகளில் இவ்விரண்டும் அவ்வப்போது இடம் மாறிவிடுகின்றன என்றாலும் விளைவில் வேறுபாடு பெரிது. 1971-இல் தமிழ்நாட்டில் சட்டமன்றம் முன்கூட்டியே கலைக்கப்பட்டு நடந்த தேர்தலில் வென்றவர்களுக்குப் புதிய ஐந்தாண்டுக் காலம் தொடங்கியது; இடைத்தேர்தலில் வெல்பவரோ முன்னவர் விட்டுச்சென்ற மிச்சக் காலத்துக்கே உறுப்பினர். மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 151ஏ பிரிவுப்படி, இடம் காலியான ஆறு மாதத்துக்குள் இடைத்தேர்தல் நடந்தாக வேண்டும். எஞ்சிய பதவிக்காலம் ஓராண்டுக்கும் குறைவென்றால் அந்தக் கட்டாயம் இல்லை.

ஓரிடம் கைமாறுவதால் ஆட்சியின் பலம் பெரும்பாலும் குலைவதில்லை. அப்போது வடஆர்க்காடு மாவட்டத்தில் இருந்த திருவண்ணாமலைத் தொகுதியின் 1963 இடைத்தேர்தலில் திமுகவின் ப.உ.சண்முகம் ஆளும் காங்கிரஸைத் தோற்கடித்தபோதும், காமராஜர் அமைச்சரவைக்கு எண்ணிக்கையில் எந்த ஆபத்தும் நேரவில்லை. ஆனால் அதே ஆண்டில் அம்ரோகா, பரூக்காபாத், ராஜ்கோட் மக்களவை இடைத்தேர்தல்களிலும் கிருபளானி, லோகியா, மினு மசானி ஆகியோரிடம் காங்கிரஸ் தோற்றிருந்தது. மூத்த தலைவர்கள் பதவியைத் துறந்து கட்சிப் பணிக்குத் திரும்ப வேண்டும் என்ற காமராஜர் திட்டம் உருவானது இந்தச் சூழலில்தான். அக்டோபர் 2 அன்று அவரே முதலமைச்சர் பதவியிலிருந்து விலகினார். திருவண்ணாமலைதான் அதற்குக் காரணம் என்பது மிகையே எனினும், சொந்த மாநிலத்திலேயே கிடைத்த அந்த அடியைக் கணக்கில் சேர்க்காமல் விடுவதற்கில்லை. எண்ணிக்கையே பணயமான அரிய நிகழ்வு 2019-இல் வந்தது: 22 தொகுதி இடைத்தேர்தல்களில் 9 இடங்களை வென்றதால்தான் அதிமுக ஆட்சி நிலைத்தது.

இடைத்தேர்தல் அறிவிக்கப்பட்ட நாள்முதல் கட்சிகளையும் அரசையும் கட்டுப்படுத்தும் நன்னடத்தை விதிகள், தொகுதி மாநகராட்சிக்குள் அடங்கினால் அத்தொகுதியோடு நின்றுவிடும். மற்றபடி மாவட்டம் முழுவதற்கும் பொருந்தும். 2024 ஜூலை 10 அன்று விழுப்புரம் மாவட்ட விக்கிரவாண்டியில் இடைத்தேர்தல் நடந்தது; இத்தகைய காலத்தில் திருவண்ணாமலையிலிருந்து அம்மாவட்டத்தின் செஞ்சி, திண்டிவனம் வழியாகச் சென்னைக்குச் சரக்கெடுக்கச் செல்லும் வியாபாரி, அத்தொகுதியில் வாக்கே இல்லாதவராயினும், 50,000 ரூபாய்க்கு மேல் கொண்டுசெல்லும் ரொக்கத்துக்குப் பறக்கும் படையிடம் ஆவணம் காட்டியாக வேண்டும்.