ரோஸ்மேரி எண்ணெயும் தலைமயிரும்

மத்தியதரைக் கடலோரச் செடியான ரோஸ்மேரியின் எண்ணெய் மயிரை வளர்க்குமா? தலைமயிர் மாதத்துக்கு ஏறத்தாழ 1 சென்டிமீட்டர்தான் வளரும். ஆகவே, பத்தே நாளில் கண்ணாடியில் பலன் தேடாதீர்கள்.

2015இல் வெளியான ஈரானிய ஆய்வொன்றில், வழுக்கை விழத் தொடங்கிய 100 பேரை இரு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவுக்கு ரோஸ்மேரி எண்ணெய்; மற்றதற்கு மினாக்சிடில் என்னும் மருந்தின் 2 சதவீதக் கரைசல். 3 மாதத்தில் குறிப்பிடத்தக்க மாற்றமில்லை. 6 மாதத்தில் இரு பிரிவிலும் மயிர் கூடியிருந்தது, ஏறக்குறைய ஒரே அளவில்.

ரோஸ்மேரி வென்றுவிட்டதா? சற்றுப் பொறுங்கள். ரோஸ்மேரி கலவாத வெறும் எண்ணெயைத் தடவிய மூன்றாம் பிரிவு எங்கே? அந்த ஆய்வில் அது இல்லை. ஒப்பிட ஆளில்லாத அளவீட்டுக்கு எங்கள் ஆய்வுக்கூடத்தில் முழு மதிப்பெண் கிடைக்காது!

1998இல் ஸ்காட்லாந்தில் புழுவெட்டு நோயாளிகளிடம் அந்த ஒப்பீட்டைச் செய்தார்கள். வெறும் எண்ணெயை நாள்தோறும் தேய்த்தவர்களிலேயே 15 சதவீதத்தினர் குணம் கண்டனர். நறுமண எண்ணெய்கள் கலந்து தேய்த்தவர்களில் 44 சதவீதம். ஆனால் அந்தக் கலவையில் இருந்த நான்கு எண்ணெய்களில் ரோஸ்மேரி ஒன்றுதான். அதன் பங்கை எப்படிப் பிரிப்பது?

தடவிப் பார்க்க விரும்பினால், காய்ச்சி வடித்த எண்ணெயை அப்படியே தலையில் ஊற்றாதீர்கள். தேங்காயெண்ணெயில் சில துளிகள் போதும். முதலில் முன்கையில் தடவி ஒரு நாள் பாருங்கள். ஈரானிய ஆய்வில் இரு பிரிவினருக்குமே தலை அரிப்புக் கூடியது.